செஸ் போட்டிகளைக் கணிப்பது எப்படி: பட்டம், ரேட்டிங், டிரா, புள்ளி விதி எல்லாம் சேர்ந்த முழு வழிகாட்டி

2024 ஏப்ரலில் டொரோண்டோவில், உலக சாம்பியனோடு மோதப்போவது யார் என்று தீர்மானிக்கும் கேண்டிடேட்ஸ் செஸ் போட்டி தொடங்கியபோது, மேக்னஸ் கார்ல்சன் உட்பட வல்லுநர்கள் பலர் குகேஷ் ஜெயிப்பார் என்று எதிர்பார்க்கவில்லை. எட்டுப் பேரில் ரேட்டிங்படி, அதாவது ஆட்டபலத்தைக் காட்டும் எண்படி, அவர் ஆறாவது. 14 சுற்று முடிந்தபோது 9 புள்ளியோடு அவர்தான் முதலிடத்தில் இருந்தார். நகமுரா, நெபோம்னியாச்சி, காருவானா மூவரும் ஆளுக்கு 8.5. அரைப் புள்ளி இடம் மாறியிருந்தால் கதையே வேறு.

'குகேஷுக்கு வாய்ப்பே இல்லை' என்று எழுதியவரின் கணிப்பு பிழை. 'குகேஷ்தான், நூறு சதவீதம்' என்று எழுதியவருக்குப் பலித்தது, ஆனால் அதுவும் நல்ல கணிப்பு அல்ல. 'பத்தில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு' என்று எழுதியவர்தான் போட்டியைச் சரியாகப் படித்தவர். ரசிகர் குழுக்களில் நடக்கும் கணிப்பு விளையாட்டுகள் பெரும்பாலும் இந்த மூன்றாவது ஆளைக் கண்டுகொள்வதே இல்லை. அவரை அடையாளம் காணும் விதமாக எப்படிக் கணிப்பது, அப்படி ஒரு விளையாட்டை எப்படி நடத்துவது என்பதுதான் இங்கே பேச்சு. காசு வைத்து ஆடுவதைப் பற்றி இதில் ஒரு வரிகூட இல்லை. காசு நுழைந்த இடத்தில் ஆட்டத்தைப் பார்க்கும் கண் மாறிவிடும்.

படி 1: பட்டத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

வீரர் பெயருக்கு முன்னால் வரும் GM, FM போன்ற எழுத்துகளைப் பார்த்தவுடன் கணிக்கக் கை துறுதுறுக்கும். கிராண்ட்மாஸ்டருக்கு எதிராக ஃபிடே மாஸ்டரா, அப்படியானால் கிராண்ட்மாஸ்டர்தான் என்று. கொஞ்சம் பொறுங்கள்.

உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடே தரும் பொதுப் பட்டங்கள் நான்கு. கேண்டிடேட் மாஸ்டருக்கு 2200, ஃபிடே மாஸ்டருக்கு 2300 ரேட்டிங்கைத் தொட்டால் போதும். இன்டர்நேஷனல் மாஸ்டருக்கு 2400 தொட வேண்டும், நார்ம்களும் (ஒரு போட்டியில் அந்தப் பட்டத்துக்கு ஏற்ற அளவு ஆடியதற்கான தகுதி) வேண்டும். கிராண்ட்மாஸ்டருக்கு 2500, அதோடு நார்ம்கள். பெண்களுக்கென்று தனியாக இதே வரிசையில் நான்கு பட்டங்கள் உண்டு. அவற்றின் ரேட்டிங் வரம்பு 2000, 2100, 2200, 2300.

புதிதாகப் பார்க்க வருபவர்கள் வழுக்கும் இடம் இது. பெண் கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கான ரேட்டிங் வரம்பு 2300. அது ஃபிடே மாஸ்டருக்கான வரம்பு, கிராண்ட்மாஸ்டருடையது அல்ல. அதே சமயம், பெண் வீரர் என்றாலே பெண்கள் பட்டம்தான் என்றும் நினைத்துவிடக் கூடாது. கோனேரு ஹம்பி, ஹரிகா, வைஷாலி, திவ்யா தேஷ்முக் நால்வரும் முழு கிராண்ட்மாஸ்டர்கள். யூடித் போல்கரின் உச்ச ரேட்டிங் 2735. பட்டத்தின் முன்னொட்டைச் சரியாகப் பாருங்கள், அவ்வளவுதான்.

பட்டம் வாழ்நாள் முழுவதும் கூடவே இருக்கும். 25 வருடங்களுக்கு முன் 2500 தொட்டவர் இன்று 2350-இல் ஆடினாலும் கிராண்ட்மாஸ்டர்தான். மறுபக்கம், எட்டு மாதமாக ஏறிக்கொண்டே இருக்கும் 15 வயதுச் சிறுமி 2420 ரேட்டிங்கோடு கிராண்ட்மாஸ்டர் பட்டம் இல்லாமல் எதிரில் உட்கார்ந்திருக்கலாம். பட்டத்தைப் பார்த்துக் கணித்தால் முன்னவர், ரேட்டிங்கைப் பார்த்துக் கணித்தால் பின்னவர். அன்றைய ஆட்டத்துக்குப் பின்னவர் பக்கம் நிற்பதுதான் நியாயம். பட்டம் அந்த ஆள் ஒருகாலத்தில் எட்டிய உயரத்தைச் சொல்லும். அது பெரிய மரியாதைக்குரிய விஷயம். ஆனால் இன்றைய பலத்தை அது சொல்லாது.

1950-இல் ஃபிடே முதன்முதலாகக் கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுத்தபோது அதைப் பெற்றவர்கள் 27 பேர். இன்றுவரை பெற்றவர்கள் 2000-க்கும் மேல். ஆகவே 'கிராண்ட்மாஸ்டர்' என்ற ஒரே சொல்லுக்குள் 2300-இல் ஆடுபவரும் 2800-இல் ஆடுபவரும் அடக்கம். உச்சியில் இருப்பவர்களை ரசிகர்கள் 'சூப்பர் கிராண்ட்மாஸ்டர்' என்கிறார்கள். வழக்கமாக 2700-க்கு மேல் இருப்பவர்களுக்கு அந்தப் பெயர். அது பேச்சுவழக்கு மட்டுமே, ஃபிடேயின் பட்டியலில் அப்படியொரு பட்டம் இல்லை.

இன்னொரு குழப்பம் ஆன்லைனில் வரும். 'அரீனா கிராண்ட்மாஸ்டர்' என்பது ஃபிடேயின் இணைய அரங்கில் ஆடிப் பெறும் பட்டம். முன்னால் ஓர் எழுத்து கூடுதலாக இருக்கும். அதைக் கிராண்ட்மாஸ்டர் பட்டத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டாம்.

நார்ம் கணக்கு தெரிந்தால் கடைசிச் சுற்று புரியும்

கணிப்பவர்களுக்குப் பட்டங்களால் கிடைக்கும் உண்மையான லாபம் இங்கேதான் இருக்கிறது. பலரும் சேர்ந்து ஆடக்கூடிய ஓபன் போட்டிகளில் மேல்மேசைகளைவிட நடுமேசைகளில் நார்ம் துரத்துபவர்களைக் கவனியுங்கள்.

கிராண்ட்மாஸ்டர் நார்ம் என்றால், பொதுவாகக் குறைந்தது 9 ஆட்டங்கள், அவற்றில் 2600 ரேட்டிங் உள்ளவர் ஆடும் அளவுக்கான செயல்திறன். எதிராளிகளின் சராசரி ரேட்டிங் 2380-க்குக் குறையக் கூடாது. எதிராளிகளில் பாதிப் பேராவது பட்டம் பெற்றவர்களாகவும், மூன்றில் ஒரு பங்கினர் கிராண்ட்மாஸ்டர்களாகவும் இருக்க வேண்டும். வெளிநாட்டு வீரர்கள் பற்றிய நிபந்தனையும் உண்டு. நார்ம் ஆட்டங்கள் மொத்தம் 27 ஆக வேண்டும் என்பதால்தான் 'மூன்று நார்ம்' என்ற பேச்சு வந்தது. இன்டர்நேஷனல் மாஸ்டர் நார்முக்குச் செயல்திறன் 2450.

எதிராளிகளின் சராசரி சரியாக 2380 என்றால் 9-இல் 7 புள்ளி எடுக்க வேண்டும். சராசரி 2434-ஐத் தொட்டால் 6.5 போதும். இப்போது எட்டுச் சுற்று முடிந்து 6.5 புள்ளியோடு ஒருவர் நிற்கிறார், அவருக்குத் தேவை 7 என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசி ஆட்டத்தில் அவருக்கு டிரா போதும். எதிராளிக்கும் பரிசுப் பட்டியலில் பெரிய மாற்றம் வராது என்றால், டிராவுக்கான உங்கள் எண்ணைத் தாராளமாக ஏற்றுங்கள். அதே ஆள் 6 புள்ளியோடு நின்றால் ஜெயித்தே ஆக வேண்டும். கருப்புக் காயோடுகூடச் சிக்கலான திறப்பை எடுப்பார், சமமான நிலையிலும் இழுத்துக்கொண்டே போவார். அப்போது டிரா குறையும், வெற்றி தோல்வி இரண்டுமே கூடும். ரேட்டிங் மாறவில்லை, பலம் மாறவில்லை, கணிப்பு மட்டும் மாறுகிறது. இதைப் போட்டியின் முடிவுப் பட்டியலில் பார்க்க முடியாது. ஏழாவது சுற்றிலிருந்தே நார்ம் கணக்கை நீங்களே போட்டு வைத்திருந்தால்தான் தெரியும்.

நார்மே இல்லாமல் பட்டம் வருவதும் உண்டு. 2025-இல் ஜார்ஜியாவின் பதூமியில் நடந்த மகளிர் உலகக் கோப்பையின் இறுதியில் திவ்யா தேஷ்முக் டைபிரேக்கில், அதாவது சமனை உடைக்கும் கூடுதல் ஆட்டங்களில், ஹம்பியை வென்றார். ஒரு கிராண்ட்மாஸ்டர் நார்ம்கூட இல்லாமல் போனவர், கோப்பையோடு கிராண்ட்மாஸ்டராகத் திரும்பினார். அப்போது அவருக்கு வயது 19.

படி 2: ரேட்டிங் வித்தியாசத்தை எண்ணாக மாற்றுங்கள்

ஆர்ப்பாட் எலோ வகுத்த முறையை ஃபிடே 1970-இல் ஏற்றுக்கொண்டது. அதன் சாரம் ஒன்றுதான்: இருவரின் ரேட்டிங் வித்தியாசம், பலமானவர் சராசரியாக எவ்வளவு புள்ளி எடுப்பார் என்பதைச் சொல்லிவிடும். வித்தியாசத்தை 400-ஆல் வகுத்து, 10-இன் அடுக்காக்கி, 1 கூட்டி, அந்தத் தொகையால் 1-ஐ வகுத்தால் பலவீனமானவரின் எதிர்பார்ப்புப் புள்ளி கிடைக்கும். மீதி பலமானவருக்கு. ஒவ்வொரு தடவையும் கணக்குப் போட வேண்டாம், இதை மனப்பாடம் செய்யுங்கள்:

வித்தியாசம் 0 என்றால் 0.50
50 என்றால் 0.57
100 என்றால் 0.64
200 என்றால் 0.76
300 என்றால் 0.85
400 என்றால் 0.91

இது ஜெயிக்கும் வாய்ப்பு அல்ல. டிராவுக்கு அரைப் புள்ளி சேர்த்து வரும் சராசரி. 0.64 என்பதை '64 சதவீதம் ஜெயிப்பார்' என்று வாசிப்பதுதான் கணிப்புக் குழுக்களில் நான் அதிகம் பார்க்கும் பிழை. அதை எப்படிப் பிரிப்பது என்பது அடுத்த படியில்.

அதற்கு முன் மூன்று திருத்தங்கள்.

முதலாவது வெள்ளைக் காய். வெள்ளையோடு ஆடுவது ஏறத்தாழ 35 ரேட்டிங் புள்ளி அனுகூலத்துக்குச் சமம் என்று வைத்துக்கொள்ளலாம். வெள்ளை 2720, கருப்பு 2755 என்றால் கருப்பு பலமானவர் என்று தோன்றும். 35-ஐச் சேர்த்தால் வித்தியாசம் பூஜ்யம். யார் மேலே என்ற கேள்வியே அங்கே அர்த்தமற்றுப் போகிறது.

இரண்டாவது, எந்த ரேட்டிங் என்பது. கிளாசிக்கல் (மணிக்கணக்கில் நீளும் ஆட்டம்), ரேபிட் (அதைவிட வேகமானது), பிளிட்ஸ் (சில நிமிட ஆட்டம்) மூன்றுக்கும் தனித்தனிப் பட்டியல்கள் உண்டு. பிளிட்ஸ் டைபிரேக்கைக் கிளாசிக்கல் ரேட்டிங்கால் கணிக்கக் கூடாது. செஸ்.காம், லிசெஸ் தளங்களின் எண்கள் இன்னும் வேறு. அவை எலோ அல்லாத கிளிக்கோ என்ற வகை முறையில் ஓடுபவை, ஆடுகிற கூட்டமும் வேறு. செஸ்.காமில் 3200 தாண்டிய நகமுராவின் பிளிட்ஸ் எண்ணையும் ஃபிடே எண்ணையும் கழித்துப் பார்ப்பதில் ஒரு பொருளும் இல்லை.

மூன்றாவது, ரேட்டிங் எவ்வளவு புதிது என்பது. ஃபிடே பட்டியல் மாதத்துக்கு ஒருமுறை, முதல் தேதியில் வரும். நடுவில் நடந்ததை அறிய லைவ் ரேட்டிங்கைப் பாருங்கள். அதிலும் இளையவர்கள் விஷயத்தில் கவனம் வேண்டும். 18 வயதுக்குக் கீழே, 2300-ஐ எட்டாதவர்களுக்குக் கே எண் (ஓர் ஆட்டம் ரேட்டிங்கை எவ்வளவு அசைக்கும் என்பதைக் காட்டுவது) 40. சமமான ஆளை வென்றால் 20 புள்ளி ஏறும். 2400-ஐத் தொட்டுவிட்டால் கே எண் 10. அதே வெற்றிக்கு 5 புள்ளிதான். ஆட்டம் வேகமாக வளரும் வயதில் எண் மெதுவாக நகரத் தொடங்குகிறது. ஆகவே 2450-இல் நிற்கும் 14 வயதுப் பிள்ளையை 2450 என்று எடுக்காமல், அண்மை ஆட்டங்களைப் பார்த்து 30, 40 புள்ளி கூட்டி வைப்பது என் வழக்கம்.

படி 3: டிராவுக்கு முதலில் எண் கொடுங்கள்

யார் ஜெயிப்பார் என்று தொடங்காதீர்கள். டிரா ஆகுமா என்று தொடங்குங்கள். மேல்மட்டக் கிளாசிக்கல் செஸ்ஸில் அதுதான் அதிகம் நடக்கிற முடிவு.

உலக சாம்பியன்ஷிப் ஆட்டங்களையே எடுத்துக்கொள்வோம், டைபிரேக்கை விட்டுவிட்டு. 2016-இல் கார்ல்சன் கர்யாகின் மோதிய 12-இல் 10 டிரா. 2018-இல் கார்ல்சன் காருவானா ஆடிய 12 ஆட்டமும் டிரா. 2021-இல் 11-இல் 7. 2023-இல் 14-இல் 8. 2024 சிங்கப்பூரில் குகேஷ் டிங் லிரென் ஆடிய 14-இல் 9. கூட்டினால் 63 ஆட்டங்களில் 46 டிரா, அதாவது 73 சதவீதம். 2018-க்குப் பிறகு விகிதம் குறைந்திருக்கிறது என்பதையும் கவனியுங்கள். 2018-ஐ மனத்தில் வைத்து 2023-ஐக் கணித்தவர்கள் ஆறு முடிவான ஆட்டங்களைப் பார்த்துத் திகைத்துத்தான் போனார்கள்.

டிராவின் பங்கை முடிவு செய்துவிட்டால் மீதி எளிது. பலமானவரின் எதிர்பார்ப்புப் புள்ளியிலிருந்து டிராவில் பாதியைக் கழித்தால் அவர் ஜெயிக்கும் வாய்ப்பு கிடைக்கும். திருத்தங்கள் போக 100 புள்ளி வித்தியாசம், அதாவது 0.64 என்று வைப்போம். டிராவுக்கு 50 சதவீதம் கொடுத்தால், வெற்றி 0.64 கழித்தல் 0.25, அதாவது 39 சதவீதம். தோல்வி 11. நூறு புள்ளி மேலே இருக்கும் ஆளே பத்தில் நான்கு ஆட்டம்தான் ஜெயிக்கிறார்.

டிராவுக்கு எவ்வளவு கொடுப்பது? நான் தொடங்கும் எண்கள் இவை: உச்ச வீரர்கள் சம பலத்தில் கிளாசிக்கல் ஆடினால் 55 முதல் 60. ரேபிட் என்றால் 40 சுற்றி. பிளிட்ஸ் என்றால் 25. ஓபன் போட்டியில் 200 புள்ளி வித்தியாசம் என்றால் 30. இவற்றைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பார்க்கப் போகும் போட்டியின் முந்தைய பதிப்பை எடுத்து எத்தனை டிரா என்று எண்ணுங்கள், ஒரு மாலைப்பொழுதில் முடிகிற வேலை. அந்த எண் என் எண்ணைவிட உங்களுக்குப் பயன்படும்.

அதன்மேல் ஆளைப் பார்த்து மாற்றுங்கள். எதையும் இழுத்து ஆடுகிறவரா, முப்பது காய்நகர்த்தலில் கைகுலுக்கிவிடுகிறவரா என்பது இரண்டு மூன்று போட்டிகள் கூர்ந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

படி 4: போட்டியின் வடிவம் எது என்று பாருங்கள்

ஒரே வீரர், ஒரே ரேட்டிங், ஆனால் வடிவம் மாறினால் கோப்பை வாய்ப்பு தலைகீழாகும்.

நாக்-அவுட்டில்தான் ரசிகர்கள் மனமுடைந்து போகிறார்கள். உலகக் கோப்பையில் 206 பேர், எட்டுச் சுற்று. முதல் 50 தரவரிசைக்காரர்கள் இரண்டாவது சுற்றில் நுழைவார்கள், ஆக ஏழு மோதல்கள். ஒவ்வொன்றிலும் 70 சதவீத வாய்ப்பு இருக்கிற மாபெரும் வீரர் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.7-ஐ ஏழு முறை பெருக்கினால் 0.08. அவருக்கே கோப்பை வாய்ப்பு நூற்றுக்கு எட்டு! 2025-இல் கோவாவில் தரவரிசையில் 16-ஆக வந்த ஜவோகிர் சிந்தாரோவ் கோப்பையைத் தூக்கினார், குகேஷ் மூன்றாவது சுற்றிலேயே வெளியேறினார். கணக்கைப் பார்த்தவர்களுக்கு அது வருத்தமாக இருந்திருக்கலாம், ஆச்சரியமாக இருந்திருக்காது. நாக்-அவுட்டில் எவருக்கும் 15 சதவீதத்துக்கு மேல் கொடுக்க நான் தயங்குவேன்.

கேண்டிடேட்ஸ் போன்ற இரட்டை ரவுண்ட் ராபின் அப்படியல்ல. எட்டுப் பேர், எல்லாரும் எல்லாரோடும் இருமுறை. நீளம் அதிகம் என்பதால் பலம் வெளிப்பட நேரம் உண்டு. ஆனால் யாரிடம் யார் தோற்கிறார்கள் என்பது விநோதமாக இருக்கும். டொரோண்டோவில் விதித் குஜராத்தி மொத்தம் எடுத்தது 6 புள்ளிதான். ஆனால் நகமுராவை இரண்டு ஆட்டத்திலும் வென்றார். நகமுரா முடித்தது 8.5-இல். அந்த இரண்டு தோல்வி இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று பட்டியலைப் பார்த்தாலே தெரியும்.

டைபிரேக் விதியைப் போட்டிக்கு முன்பே படியுங்கள். 2013 லண்டன் கேண்டிடேட்ஸில் கார்ல்சனும் கிராம்னிக்கும் கடைசிச் சுற்றில் தோற்று, இருவரும் 8.5-இல் நின்றார்கள். கூடுதல் ஆட்டம் கிடையாது. அதிக வெற்றி யாருக்கு என்று பார்த்தார்கள்: கார்ல்சனுக்கு 5, கிராம்னிக்குக்கு 4. அந்த ஒரு விதி உலக சாம்பியன்ஷிப்புக்கு யார் போவது என்பதையே தீர்மானித்தது. 2024-இல் அதே தொடரில் சமன் வந்திருந்தால் ரேபிட் ஆட்டம் வைத்திருப்பார்கள். 2025 டாடா ஸ்டீலில் குகேஷ், பிரக்ஞானந்தா இருவருமே கடைசிச் சுற்றில் தோற்று 8.5-இல் சமனாக, பிளிட்ஸில் பிரக்ஞானந்தா வென்றார். 'முதலிடத்தைப் பகிர்வது' என்பதை உங்கள் விளையாட்டு ஏற்குமா, கோப்பையை எடுத்தவரை மட்டும் ஏற்குமா? முன்பே எழுதி வையுங்கள்.

நார்வே செஸ்ஸில் டிரா முடிவல்ல. கிளாசிக்கலில் வென்றால் 3 புள்ளி. டிரா ஆனால் ஆர்மகெடான் (யார் மேலே என்று தீர்க்கும் ஒரே வேக ஆட்டம்), அதில் வென்றவருக்கு 1.5, மற்றவருக்கு 1. அங்கே டிரா என்று கணிப்பதோடு ஆர்மகெடான் யாருக்கு என்றும் கேட்க வேண்டும்.

ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ ஒரே புள்ளியில் நிற்பவர்களை மோதவிடும் ஸ்விஸ் முறையில் சாம்பியனை முன்கூட்டிக் கணிப்பது வீண் வேலை என்பது என் கருத்து. சுற்றுக்குச் சுற்று யாரோடு யார் என்று வெளியான பிறகு அந்தச் சுற்றைக் கணியுங்கள். ஒலிம்பியாட் போன்ற அணிப் போட்டியில் நான்கு பலகைகளையும் தனித்தனியே கணித்து, பிறகு அணி முடிவுக்கு வாருங்கள். 2022 சென்னை ஒலிம்பியாடில் தரவரிசையில் 14-ஆவதாக வந்த உஸ்பெகிஸ்தான் தங்கம் வென்றது. அணியின் ஐந்து பேரில் பெரும்பாலோர் வளர்கிற வயதில் இருந்தார்கள், ரேட்டிங் அவர்களைத் துரத்திக்கொண்டு பின்னால் வந்துகொண்டிருந்தது.

படி 5: புள்ளி விதியை ஒழுங்காக அமையுங்கள்

விளையாட்டை நடத்துபவர் இந்தப் படிக்கு நேரம் ஒதுக்க வேண்டும். தவறான விதி நல்ல கணிப்பாளர்களை ஒரே மாதத்தில் விரட்டிவிடும்.

'சரியாகச் சொன்னால் 1, தவறினால் 0' என்ற விதியில் என்ன நடக்கும்? கெட்டிக்காரர்கள் எல்லா ஆட்டத்துக்கும் டிரா என்று எழுதிவிட்டுத் தூங்கப் போவார்கள், மேலேயும் வருவார்கள். யாரும் எதையும் பார்த்திருக்க மாட்டார்கள். இதைச் சரிசெய்ய 'எதிர்பாராத வெற்றிக்கு 5 புள்ளி' என்று சேர்த்தால், எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு பலவீனமானவரை எழுதுவார்கள். இரண்டிலும் நேர்மையாக நினைப்பதை எழுதுபவர்தான் தோற்கிறார்.

இதற்கு மருந்து வானிலை ஆய்விலிருந்து வந்தது. 1950-இல் கிளென் பிரையர் மழைக் கணிப்பைச் சோதிக்க ஒரு அளவுகோலை முன்வைத்தார். அதைச் செஸ்ஸுக்கு இப்படிப் பயன்படுத்தலாம்.

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒவ்வொருவருக்கும் 10 காசு, பணமல்ல, வெறும் கணக்குக் காசு. வெள்ளை வெற்றி, டிரா, கருப்பு வெற்றி என்ற மூன்று கட்டங்களில் அதைப் பங்கிட வேண்டும். ஆட்டம் முடிந்ததும் நடந்த கட்டத்தில் 10, மற்ற இரண்டிலும் 0 என்று வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள வித்தியாசத்தை வர்க்கமாக்கிக் கூட்டுங்கள். அதுதான் அபராதம். குறைவாக வாங்குபவர் மேலே.

ஒருவர் 4, 5, 1 என்று பங்கிட்டார் என்று வையுங்கள். டிரா ஆனால் 16, 25, 1 சேர்ந்து 42. வெள்ளை வென்றால் 36, 25, 1 சேர்ந்து 62. கருப்பு வென்றால் 16, 25, 81 சேர்ந்து 122. இன்னொருவர் பத்தையும் டிராவில் போட்டார். டிரா ஆனால் அபராதம் 0, இல்லையென்றால் 200. ஒரு சுற்று பலிக்கும், இரண்டு சுற்று பலிக்கும், மூன்றாவதில் முதுகு முறியும். இந்த விதியின் அழகு என்னவென்றால், உண்மையில் மனத்தில் உள்ள வாய்ப்பை அப்படியே எழுதுவதுதான் சராசரியில் மிகக் குறைந்த அபராதம் தரும். வேறு எந்தத் தந்திரமும் நீண்ட ஓட்டத்தில் இதை வெல்லாது.

கூட்டலுக்குப் பயந்து இதை ஒதுக்கிவிடாதீர்கள். ஒரு விரிதாளில் ஒருமுறை சூத்திரம் எழுதினால் போதும், தொடர் முழுக்க அது ஓடும்.

படி 6: பூட்டும் நேரம், விலகல், மற்ற விதிகள்

சுற்றின் முதல் காய்நகர்த்தலுக்கு முன் பூட்டிவிடுங்கள். ஆட்டம் ஓடும்போது மாற்ற அனுமதித்தால் செஸ் எஞ்சின் என்ற கணினி நிரல் தரும் மதிப்பைப் பார்த்து எழுதுவார்கள், அது கணிப்பு ஆகாது. எழுதிய பிறகு திருத்தம் கிடையாது. எழுத மறந்தவருக்கு 3, 4, 3 என்று தானாகப் பதியும் என்று வைத்தால் யாரும் கழன்றுகொள்ள மாட்டார்கள்.

நடுவில் வீரர் விலகினால் என்ன செய்வது என்பதையும் எழுதுங்கள். 2022 சிங்க்ஃபீல்ட் கோப்பையில் மூன்றாவது சுற்றுக்குப் பின் கார்ல்சன் விலகினார், அவர் ஆடிய ஆட்டங்கள் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டன. பலகையில் ஆடி முடித்த ஆட்டத்துக்குக் கணிப்பு செல்லும், ஆடாததற்குச் செல்லாது என்பது எனக்குச் சரியாகப் படுகிறது. அமைப்பாளர்கள் பட்டியலிலிருந்து நீக்கினாலும், கணித்தவர் கணித்தது அந்த ஆட்டத்தைத்தான்.

இன்னொன்று, மனசுக் கட்டம். ஒவ்வொரு தொடருக்கும் ஒரு பெயரை, புள்ளி எதுவும் இல்லாமல், ஆசைக்காக எழுத இடம் விடுங்கள். தனக்குப் பிடித்த வீரர் தோற்பார் என்று எழுத வேண்டி வருவது ரசிகருக்கு உண்மையிலேயே வலிக்கிற காரியம். ஆசையைத் தனியாக எழுதி வைத்துவிட்டால் கணிப்பில் கை நடுங்காது. சண்டைகளும் பெருமளவு குறையும்.

படி 7: குழுவுக்குள் பட்டம் கொடுங்கள், ஆனால் நார்ம் வைத்து

ஒரு தொடரில் முதலிடம் வந்தவரை 'கணிப்பு மன்னர்' என்று அறிவிப்பது அதிர்ஷ்டத்துக்கு முடிசூட்டுவது. செஸ் உலகம் இதற்கு நல்ல வழி காட்டியிருக்கிறது: ஒரு நல்ல வாரம் போதாது, பல முறை நிரூபிக்க வேண்டும்.

ஒவ்வொரு தொடரிலும் 'ரேட்டிங் பொம்மை' என்று ஓர் ஆளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு எதுவும் தெரியாது. இரண்டாம் படியின் எண்களும் வெள்ளைக்கு 35 புள்ளியும், டிராவுக்கு மாறாத ஒரு விகிதமும் வைத்து எல்லா ஆட்டத்துக்கும் காசைப் பங்கிடும். குறைந்தது 27 ஆட்டங்கள் கொண்ட தொடரில் இந்தப் பொம்மையைவிடக் குறைந்த அபராதம் வாங்கியவருக்கு ஒரு நார்ம். மூன்று நார்ம் சேர்ந்தால் பட்டம். ஃபிடே வழியிலேயே அதுவும் வாழ்நாளுக்கு.

பொம்மையை வெல்வது சுலபமில்லை, சொல்லிவைக்கிறேன். 2024 உலக சாம்பியன்ஷிப்பில் குகேஷ் 2783, டிங் 2728. வித்தியாசம் 55, எதிர்பார்ப்பு ஆட்டத்துக்கு 0.58, 14 ஆட்டத்துக்கு ஏறத்தாழ 8.1 புள்ளி. டிங்கின் அண்மை ஆட்டங்களைப் பார்த்துப் பலர் இதைவிடப் பெரிய வித்தியாசத்தில் குகேஷ் வெல்வார் என்றார்கள். டிங் முதல் ஆட்டத்தையே வென்றார், பன்னிரண்டாவதையும் வென்றார். முடிவு 7.5க்கு 6.5, அதுவும் கடைசி ஆட்டத்தில் டிங் யானையைத் தவறாக நகர்த்திய பிறகு. ஒன்றுமறியாத பொம்மை பல வல்லுநர்களைவிட அருகில் நின்றது.

பட்டத்துக்கு என்ன பெயர் வைப்பது என்பது உங்கள் குழுவின் விருப்பம். ஃபிடேயின் பட்டங்களை மட்டும் அப்படியே எடுத்துப் பயன்பெயருக்கு முன் ஒட்ட வேண்டாம். அவற்றைப் பலகையில் உட்கார்ந்து சம்பாதித்தவர்கள் அதே அரட்டையில் இருக்கக்கூடும். 'கணிப்பு மாஸ்டர்' என்று முழுதாக எழுதினால் குழப்பம் இல்லை.

படி 8: தொடர் முடிந்த மறுநாள்

மொத்த அபராதத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். ஏதாவது ஒரு கட்டத்தில் 7 காசு போட்ட ஆட்டங்களை மட்டும் பிரித்தெடுங்கள். அவற்றில் பத்துக்கு ஏழு அப்படியே நடந்திருந்தால் உங்கள் அளவு சரியாக இருக்கிறது. ஐந்துதான் நடந்தது என்றால் அடுத்த தொடரில் 7 போடத் தோன்றும் இடத்தில் 5 அல்லது 6 போடுங்கள். ஒன்பது நடந்திருந்தால் தேவைக்கு மேல் தயங்குகிறீர்கள். ஒரே தொடரில் இதற்குப் போதிய ஆட்டங்கள் சேராது, மூன்று நான்கு தொடர்களை ஒன்றாகச் சேர்த்துப் பாருங்கள்.

பிறகு வீரர்வாரியாகப் பிரியுங்கள். யாருடைய ஆட்டங்களில் அதிக அபராதம் வாங்கியிருக்கிறீர்கள்? பெரும்பாலும் அது மனசுக் கட்டத்தில் எழுதிய அதே பெயராக இருக்கும், அல்லது அவருடைய பரம எதிரியின் பெயர். அந்த ஆட்டங்களின் காய்நகர்த்தல்களைத் திறந்து, எந்த இடத்தில் உங்கள் எதிர்பார்ப்பும் பலகையும் பிரிந்தன என்று தேடுங்கள். திறப்பிலேயே பிரிந்ததா, நேர நெருக்கடியிலா, முடிவாட்டத்திலா என்று ஒரு வரி குறித்து வையுங்கள். அடுத்த தொடரின் முதல் சுற்று ஜோடிகள் வெளியாகும் இரவில், காசைப் பங்கிடும் முன் அந்தக் குறிப்பைத்தான் முதலில் திறக்க வேண்டும்.